காதால் படித்த கட்டபொம்மன்

கடிதம்:

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்தில், வடமராட்சியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பரிசளிப்பு விழா. தரம் 10 மாணவன் ஒருவன் கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் சந்திக்கும் காட்சியைச் செய்யப் போகிறான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி பேசும் வசனம் முழுவதையும் யூரியூப்பில் கேட்டே பாடமாக்கிவிட்டான். நல்ல குரல், நல்ல ஆர்வம். ஆனால் மூன்றாம் நாள் ஒத்திகையோடு தொண்டை கட்டிப்போய்விட்டது. முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறான், பிறகு மேலே போக இடமில்லை. சக ஆசிரியர் ஒருவரோ, “சிவாஜியே மிகை நடிப்பு, அதைப் பிள்ளை கொப்பியடித்தால் சனம் சிரிக்கும்” என்கிறார்.

சிவாஜிக்கு அது பிறவிக் குரலா, பயிற்சியா? மூன்று கிழமைக்குள் இவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்? ஒட்டு மீசையும் மைக்கும் வேறு பயமாக இருக்கின்றன. பேசாமல் கையில் ஒரு கோட்லெஸ் மைக்கைக் கொடுத்துவிடலாமா?

ஒரு தமிழாசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவன் செய்தது புதுப் பிழை அல்ல. யாழ்ப்பாணத்தில் கட்டபொம்மன் பலருக்குக் கண்ணுக்கு முன்னர் காதுக்கு வந்தவர். முன்பெல்லாம் கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுக்கு நடுவே கதை வசன இசைத்தட்டும் போடுவார்கள். படம் பார்க்காதவருக்கும் வசனம் மனப்பாடம். அந்தக் குழாய் ஒலிபெருக்கி கீழ்க்குரலை விழுங்கிவிடும், உரத்த குரலை மட்டும் ஊரெல்லாம் கொண்டுபோகும். சிவாஜி வசனத்துக்கு நடுவே விட்ட மௌனம் திருவிழாச் சத்தத்தில் கரைந்துபோகும். ஆக, நமக்கு வந்து சேர்ந்தது அவருடைய நடிப்பில் பாதி, அதுவும் சத்தமான பாதி. இன்று கைபேசியில் கேட்டுப் பாடமாக்கும் பிள்ளையும் அதே வழியில்தான் போகிறான்.

முதல் வேலையாக அந்தக் காட்சியைச் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு மூன்று தரம் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எப்போது கை எழும்புகிறது, எவ்வளவு நேரம் உடம்பு அசையாமல் நிற்கிறது, கண் எப்போது எதிராளியை விட்டு விலகுகிறது என்று குறிக்கட்டும். நான்காம் தரம் சத்தத்தோடு பார்க்கட்டும். அவன் மனதில் வைத்திருந்த காட்சியும் திரையில் உள்ள காட்சியும் ஒன்றல்ல என்பது அப்போது அவனுக்கே விளங்கும்.

பிறவியா, பயிற்சியா என்று கேட்டீர்கள். குரல்வளம் பிறப்போடு வந்திருக்கலாம். அதை ஆள்கிற வித்தை நாடகக் கம்பனியில் வந்தது. 1928 ஒக்டோபர் 1இல் பிறந்த கணேசன் சிறுவனாகவே கம்பனிக்குப் போனவர். ஆரம்பத்தில் கிடைத்தவை சீதை முதலான பெண் வேடங்கள். அந்தக் கம்பனிகளில் பையன்கள் ஒருவர் பாடத்தை மற்றவரும் கேட்டுப் பாடமாக்க வேண்டும், யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றிரவே அந்த வேடம் இன்னொருவனுக்கு. கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் கொட்டகையிலேயே சத்தம் போடுவார்கள். அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்ஜியம்’ நாடகத்தில் சிவாஜியாக நடித்து, பெரியாரால் அந்தப் பெயரை அடைமொழியாகப் பெற்றபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. ஆள் மெலிவு என்று ஏ.வி.எம். செட்டியாருக்கு முதலில் திருப்தியில்லை, தயாரிப்பாளர் பெருமாள்தான் பிடிவாதமாக நின்றார். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் வசனம் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவாகும். நீளமான வசனத்தைத் தடுமாறாமல் ஒரே மூச்சோட்டத்தில் சொல்லக்கூடியவர் தேவைப்பட்டார், அது மேடையில் பழகியவருக்குத்தான் முடியும்.

கட்டபொம்மன் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. படத்துக்கு முன்னரே அது மேடை நாடகம். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த நாடகம் 1957இல் சேலத்தில் மேடையேறியது. பி.ஆர். பந்துலுவின் படம் வந்தது 1959 மே மாதம். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றுக்கொடுத்த அந்தக் குரல், அதே வரிகளை மேடை மேடையாகச் சொல்லித் தேய்த்து எடுத்த குரல். எங்கே ஏற்றினால் கைதட்டு வரும், எங்கே இறக்கினால் சனம் முன்னுக்குச் சாயும் என்று படப்பிடிப்புக்கு முன்னரே சனம் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. உங்கள் மாணவனுக்கு இருப்பது மூன்று கிழமை. சிவாஜியின் குரலை அவன் பிடிக்கப் போனால் தொண்டைதான் கிழியும். மூச்சையும் ஏற்ற இறக்கத்தையும் பிடிக்கலாம்.

இனி வசனத்துக்கு வருவோம். வரி கேட்ட ஜாக்சனிடம் கட்டபொம்மன் அடுக்கும் கேள்விகளைக் கவனியுங்கள். வயலில் தொடங்குகிறது, வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் அரைப்பதற்கு வருகிறது, கடைசியில் நீ எங்களுக்கு என்ன உறவு என்று கேட்டு முடிகிறது. மூன்று படி. பிள்ளைகள் மூன்றையும் ஒரே கோபத்தில் சொல்லிவிடுவார்கள். சத்தத்துக்குப் பத்துப் புள்ளி என்று வையுங்கள். வயல் கேள்விகள் 3இல் தொடங்கி 5க்குள் நிற்கட்டும், விசாரிக்கிற தொனியில். மஞ்சள் வரியில் சத்தம் கூட வேண்டாம், 4க்கு இறங்கி நக்கல் மட்டும் ஏறட்டும். உறவு கேட்கும் இடத்தில் 7. ஒன்பதை ஒரே ஒரு வரிக்கு வைத்திருங்கள். பத்து வேண்டவே வேண்டாம். பத்துக்குப் போகிற குரல் உடைகிற குரல்.

இன்னொரு சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. வயல், மஞ்சள் கேள்விகள் எல்லாம் ‘ஆயா’ என்றே முடிகின்றன. ஒவ்வொரு ‘ஆயா’வையும் உயர்த்தினால் நாலாவது கேள்வியில் அது வாய்ப்பாடு ஒப்பிப்பது போலாகிவிடும். அழுத்தம் முதற் சொல்லில் விழட்டும், வயல், நாற்று, மஞ்சள் என்று. கடைசி ‘ஆயா’ தானாக விழுந்து அடங்கட்டும். அடுக்கின் இறுதிக் கேள்வியில் மட்டும் உயர்த்தினால் போதும். ழகரத்தையும் பாருங்கள். நம் பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் ழவை ளவாகச் சொல்லிப் பழகியவர்கள், வேகம் கூடினால் அது வெளியே வந்துவிடும். ழகரம் வரும் சொற்களைத் தனியாக எழுதி, மெதுவாக, ஒரு நாளுக்கு ஐந்து நிமிடம். ஆனால் ‘நாற்று’ என்பதை இந்தியப் படத்தில் வருவதுபோல் மாற்றச் சொல்லாதீர்கள். நம் வாயில் வரும் ற்ற அழகாகவே இருக்கிறது.

மூச்சு: சத்தமான மேடைக் குரலில், ஒரே மூச்சில், ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். குரல் நடுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி எண்ணிக்கையைக் குறியுங்கள். பதினெட்டு வந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, பன்னிரண்டு எண்ணும் நேரம்தான் அவனுடைய வசன நீளம். மிச்சம் சேமிப்பு. அந்த அளவுக்கு வசனத்தை வெட்டி, அரை மூச்சுக்கு ஒரு கோடு, முழு மூச்சுக்கு இரண்டு கோடு என்று எழுத்துப் பிரதியில் போடுங்கள். மூச்சு எடுக்கும்போது தோள் எழும்பினால் அது மேல்மூச்சு, இரண்டு வரிக்குத்தான் காணும். வயிறு முன்னுக்கு வர வேண்டும். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டால் அதுவும் நடக்காது. அரச வேடத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவதற்குப் பாதிக் காரணம் உடுப்புக்காரர் இழுத்துக் கட்டும் அந்தப் பட்டி.

தொண்டை இப்போது கட்டியிருக்கிறது என்கிறீர்கள். இரண்டு மூன்று நாள் ஒத்திகையை நிறுத்துங்கள். குசுகுசுவென்று கதைப்பதும் வேண்டாம், குரல்நாணுக்கு அதுவும் வேலைதான். இளஞ்சூட்டுத் தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும். பிறகு ஒரு நாளுக்கு ஒரே ஒரு தரம் முழுக் குரலில், மற்றதெல்லாம் அரைக் குரலில். பதினைந்து வயதில் குரல் உடைந்து கொண்டிருக்கும், சிவாஜியின் கனத்துக்காகக் கீழே அமுக்கவே கூடாது. அவன் வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகும்போது எந்தச் சுருதி இயல்பாக வருகிறதோ அதுதான் அவனுடைய கட்டபொம்மன். கரகரப்பு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் நாடகத்தை விட்டுவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஜாக்சனாக வருபவனைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. படத்தில் சி.ஆர். பார்த்திபன் அந்த வேடத்தைச் செய்தார். ஜாக்சனும் சேர்ந்து கத்தினால் கட்டபொம்மனுக்கு மோதச் சுவர் இல்லாமல் போய்விடும். அவன் குரல் ஒரே மட்டத்தில், எரிச்சலை அடக்கியபடி இருக்க வேண்டும். துரைத்தமிழைக் கோமாளித்தனமாக இழுக்க விடாதீர்கள். அந்தச் சிரிப்புத்தான் காட்சியைக் கெடுக்கும், உங்கள் சக ஆசிரியர் பயப்படும் சிரிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும்.

உங்கள் சக ஆசிரியர் சொன்ன ‘மிகை’க்கு வருகிறேன். 1954இல் ‘மனோகரா’வில் சங்கிலியால் கட்டுண்டு முழங்கும் இளவரசனாக வந்த சிவாஜி, அதே ஆண்டில் ‘அந்த நாள்’ படத்தில் றேடியோ எஞ்சினியராக வந்தார். எஸ். பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத படம். குரலை எங்கே உயர்த்தாமல் விடுவது என்று தெரிந்தவர் செய்த வேடம் அது. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வந்தது. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் தெரிவது சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் விரலும். அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில், நாதஸ்வரக் கச்சேரியை முன்வரிசையில் இருந்து விரல் பார்த்துக் கேட்ட சனத்துக்கு முன்னால் அந்தப் படம் ஓடியது. அங்கே ஏமாற்று வேலை செல்லாது. 1985இல் ‘முதல் மரியாதை’, குரலை அடக்கியே செய்த வேடம்.

ஆகவே சத்தம் அவருடைய ஒரே கருவி அல்ல. இடத்துக்கு ஏற்ற அளவு எடுத்தார். எழுபதுகளின் பிற்பாதியில் வந்த சில படங்களில், கமரா முகத்துக்குக் கிட்ட வந்த பிறகும் கொட்டகைக் கடைசி வரிசைக்கே நடித்தார் என்பதும் உண்மைதான். உங்கள் சக ஆசிரியர் அந்தப் படங்களை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பரிசளிப்பு விழா மேடை கமராவுக்குக் கிட்ட இல்லை. எண்பது அடிக்கு அப்பால் கதிரையில் இருக்கிற பெற்றோருக்குப் போய்ச் சேர வேண்டிய காட்சி. அங்கே மேடை அளவுதான் சரியான அளவு. நமக்கு இது அந்நியமும் அல்ல. நடிகமணி வி.வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ நாடகத்தை விடிய விடிய இருந்து பார்த்த ஊர் இது. பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருந்தால் பெடியனை ஒரு பின்னேரம் அவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வசனம் சொல்லிக் காட்ட வேண்டாம், அவர் எப்படி நின்று குரல் எடுக்கிறார் என்று பார்த்தால் போதும்.

மீசை விழுவதற்குக் காரணம் எண்ணெயும் வியர்வையும். மேலுதட்டில் முகப்பூச்சுப் பூசிவிட்டு அதன்மேல் ஒட்டினால் பத்து நிமிடம் நிற்காது. முதலில் அந்த இடத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, மீசைப் பசையை மெல்லிதாகப் பூசி, விரல் வைத்தால் நூல் இழுக்கும் பதம் வரும்வரை பொறுத்து, ஈரத்துணியால் அரை நிமிடம் அழுத்த வேண்டும். முகப்பூச்சு அதன் பிறகு. தோல் சிவக்கிறதா என்று முதல் நாளே கையில் பூசிப் பாருங்கள். மீசையின் கீழ்மயிர் உதட்டில் தொட்டால் ‘ப’வும் ‘ம’வும் மழுங்கும், கத்தரித்துவிடுங்கள். கடைசி நான்கு ஒத்திகைக்காவது மீசையோடு பேசட்டும்.

மைக் விடயத்தில், இரண்டு பேருக்கும் இரண்டு ஸ்ராண்ட் மைக், மேடையின் முன் விளிம்பில். ஆள் மைக்கிலிருந்து ஒன்றரை அடியில் நின்றால் இரண்டு மைக்குக்கும் இடையில் நாலரை அடியாவது வேண்டும். அதைவிடக் கிட்ட வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் கொஞ்சம் முன்பின்னாக ஏறி, குடத்துக்குள் கதைப்பது போலக் கேட்கும். மைக் நாடிக்கு நேரே, சற்றுப் பக்கவாட்டில், அப்போது ‘ப’ வெடிக்காது. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக் வரிசைக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் கூவும். ஒன்பதாம் புள்ளி வரிக்கு அவன் ஒரு காலடி பின்வாங்கிச் சொல்லப் பழகட்டும், பார்ப்பவருக்கு அது கோபத்தில் நிமிர்வது போலவே தெரியும். வெறும் மண்டபத்தில் எதிரொலி அதிகம், சனம் நிறைந்ததும் குறையும். சவுண்ட்காரரிடம் இதைச் சொல்லி, ஒத்திகையில் வைத்த அளவை விழாவன்று கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

உச்ச வரிக்குப் பிறகு கைதட்டு வந்தால் அதன்மேல் பேசக் கூடாது. முழுதாக ஓயும்வரை காத்திருக்கவும் கூடாது, தட்டல் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும். கைதட்டே வராவிட்டாலும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

கோட்லெஸ் மைக் வேண்டாம். ஒரு கை வாளில், மற்றக் கை மீசையில் இருக்க வேண்டிய ஆள் அவர்.