வேலை கையில் இல்லாமல் சென்னைக்கு வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. பி.காம். முடித்துவிட்டு கோவில்பட்டியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். எல்லாம் நானே செய்வேன். சம்பளம் 14,000 ரூபாய். ஐந்து மாதமாகச் சென்னைக் கம்பெனிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து வருகிறேன். போன் வந்தால் முதல் கேள்வியே "இப்ப சென்னையிலயா இருக்கீங்க?" என்பதுதான். இல்லை என்றால் "கூப்பிடுறோம்" என்று வைத்துவிடுகிறார்கள். கையில் 85,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. நண்பன் ஒருவனும் நானும் சேர்ந்து வேளச்சேரியில் வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், ஆளுக்குப் பாதி. வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் தேடினால் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். "வேலை இல்லாம அங்க போய் என்னடா பண்ணுவ?" என்கிறார் அப்பா. நான் போகலாமா, கூடாதா?

பதில்: தம்பி, சென்னைக்கு வாருங்கள். ஆனால் இப்போதே குடிவந்துவிடாதீர்கள். வேலை தேட வருவது ஒரு காரியம், வீடு பிடித்துக் குடியேறுவது இன்னொரு காரியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்கும் அப்பாவுக்கும் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது. வேலை தேட வர வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. வேலை இல்லாமல் குடியேறக் கூடாது என்பதில் அப்பா சொல்வது சரி.

கம்பெனிகளுக்கு அக்கவுன்ட்ஸ் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் பதினெட்டு வருடமாக என் தொழில். "சென்னையிலயா இருக்கீங்க?" என்ற கேள்வியை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்பவர் உங்கள் ஊரைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். அவருக்கு இரண்டு பயம். ஒன்று, நாளை மறுநாள் இன்டர்வியூ என்றால் இவர் வருவாரா என்பது. இன்னொன்று, ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு சேராமல் இருந்துவிடுவாரோ, சேர்ந்தாலும் ரூம் சரியில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் மாதம் ஊருக்குத் திரும்பிவிடுவாரோ என்பது. இரண்டும் நடக்கிறவைதான். நீங்கள் "இல்லை சார்" என்று நிறுத்திக்கொண்டால் அவரும் அதோடு நிறுத்திக்கொள்வார்.

அதற்காக ரெஸ்யூமில் சென்னை முகவரி போட்டு ஏமாற்ற வேண்டாம். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க" என்றால் மாட்டிக்கொள்வீர்கள். கணக்குப் பார்க்க ஆள் எடுக்கும் இடத்தில் முதல் பேச்சே பொய்யாகிவிட்டால் பிறகு எதுவும் எடுபடாது. இப்படிச் சொல்லுங்கள்: "இப்ப கோவில்பட்டியில இருக்கேன் சார். 21-லேர்ந்து 28 வரைக்கும் சென்னையில இருப்பேன். அதுல எந்த நாள் சொன்னாலும் நேர்ல வர்றேன். வேலை உறுதியானா ஒரு மாசத்துல சேர்ந்துடுவேன்." இதே விஷயத்தை ரெஸ்யூமின் மேலே, பெயருக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவையுங்கள். வேலைத் தளங்களில் விரும்பும் ஊர் என்று தனியாக ஓர் இடம் இருக்கும். அதில் சென்னை என்று போட்டுவிடுங்கள். ஆள் தேடுகிறவர்கள் ஊரை வைத்துத்தான் முதலில் சலிப்பார்கள்.

ஏன் 21 முதல் 28 வரை என்று கேட்பீர்கள். உங்களுக்கே தெரிந்த கணக்குதான். 7-ஆம் தேதி டி.டி.எஸ்., அதாவது பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி வரிக் கணக்கு தரும் 3பி. இந்த நாட்களில் எந்த அக்கவுன்ட்ஸ் மேனேஜரும் தலை நிமிர மாட்டார். நீங்கள் 15-ஆம் தேதி போய் நின்றால் ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு "அடுத்த வாரம் பாக்கலாமா?" என்பார்கள். 21-ஆம் தேதி அதே மனிதர் நிதானமாகப் பேசுவார். மாதக் கடைசி வந்துவிட்டால் மறுபடியும் கணக்கு முடிக்கும் வேலை தொடங்கிவிடும். உங்கள் ஆடிட்டரும் 20-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு வாரம் லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். ஆகவே ராஜினாமா வேண்டாம். ஒரு வாரம் லீவு போடுங்கள், போதும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆடிட்டர் ஆபீஸில் எவ்வளவு நெருக்கடி என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மாதங்களில் விட்டுவிட்டு வந்தால் அவர் மனம் கசந்துபோகும். நாளைக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி உங்களைப் பற்றி விசாரித்தால் போனை எடுக்கப்போவது அவர்தான்.

எல்லா வேலைக்கும் நேரில் வர வேண்டும் என்று அவசியமில்லை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் பெரிய கம்பெனிகள், வெளிநாட்டுக் கணக்குப் பார்க்கும் நிறுவனங்கள் முதல் சுற்றுகளை வீடியோவிலேயே முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்கு வீட்டில் இருந்தபடியே முயற்சி செய்யுங்கள். நேரில் வந்தால் பலன் தருவது சின்ன, நடுத்தர இடங்கள்: பாரிமுனை, சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகள், தி.நகர் ஜவுளி, பாத்திரக் கடைகள், அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் இருக்கும் பட்டறைகள், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்கள். இவர்களில் பலர் விளம்பரமே கொடுப்பதில்லை. தெரிந்தவர் சொன்னால், ஆள் நேரில் வந்து நின்றால் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆடிட்டருக்குச் சென்னையில் கூடப் படித்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். முறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் அவரே இரண்டு போன் போட்டுக் கொடுப்பார். அந்த இரண்டு போன் உங்கள் ஐந்து மாத ஆன்லைன் விண்ணப்பங்களைவிடப் பெரிது. தமிழக அரசின் தமிழ்நாடு தனியார் வேலை இணையத்திலும் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

நேரில் போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் டேலி முன்னால் உட்கார வைத்து ஒரு கட்டுப் பில்லைக் கொடுப்பார்கள். நான் வைக்கும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு கொள்முதல் பில்கள். அவற்றில் ஒன்று, சென்னைக்குச் சரக்கு அனுப்பிய புதுச்சேரி வியாபாரியுடையது. ஜி.எஸ்.டி. எண் புதுச்சேரிக்குரிய 34-இல் தொடங்கும். ஆனால் வரியை உள்மாநில விற்பனைக்குப் போடுவதுபோல் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டிருக்கும். எல்லை தாண்டி வந்த சரக்கு என்பதால் ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருக்க வேண்டிய பில் அது. நேற்றுக் கல்லூரியிலிருந்து வந்த பையன் அப்படியே பதிந்துவிட்டு "முடிச்சிட்டேன் சார்" என்பான். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து பழகியவர் அந்தப் பில்லை மட்டும் எடுத்து ஓரமாக வைப்பார். மூன்று வருடமாக நீங்கள் சம்பாதித்திருப்பது அந்தக் கண்ணைத்தான். போனில் அதைக் காட்ட வழியில்லை, நேரில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்கள் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். விற்றவர்கள் காட்டிய பில்களைத் திரட்டித் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யையும் கொள்முதல் பதிவேட்டையும் எக்செலில் ஒப்பிடுவதை மட்டும் கை தடுமாறாதபடி இன்னொரு முறை பழகிக்கொண்டு வாருங்கள்.

இப்போது அந்த வேளச்சேரி வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கையில் 85,000. அட்வான்ஸ் 50,000 போனால் மிச்சம் 35,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதில் உங்கள் பாதி 7,000. பாய், தலையணை, பக்கெட், அடுப்பு, பாத்திரம் என்று குறைந்தது 5,000. ஆக, வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே கையில் 23,000தான் இருக்கும். அதன்பிறகு வாடகை 7,000, சாப்பாடு 5,500, பஸ், போன், சில்லறைச் செலவு 3,000 என்று மாதம் 15,500 ஆகும். ஒன்றரை மாதத்தில் பணம் தீர்ந்துவிடும்.

ஒன்றரை மாதத்தில் வேலை கிடைத்துவிட்டால்கூட முடிந்தபாடில்லை. பல கம்பெனிகளில் சம்பளப் பட்டியலை 20, 25 தேதிக்குள் மூடிவிடுவார்கள். அதன் பிறகு சேர்ந்தால் அந்தச் சில நாள் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு, வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போதே கடன் வாங்கத் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணம் தீரும்போது இன்னொன்று நடக்கும், அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஐந்தாவது வாரம் "16,000 தர்றோம், நாளைக்கே சேருங்க" என்று யாராவது சொன்னால் உங்களால் மறுக்க முடியாது. நான் பார்த்தவரையில் உங்கள் அனுபவத்துக்குச் சென்னையில் 20,000-க்குக் குறையாமல் கேட்கலாம். அட்வான்ஸில் முடங்கிய 50,000 ரூபாய் உங்கள் கையில் இருந்தால் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வர முடியும். முதலில் வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் அடுத்த கம்பெனியும் பேசும். அந்த நாலாயிரம் ரூபாய்க் குறை வருடக்கணக்கில் கூடவே வரும்.

வேளச்சேரியில் வீடு எடுத்த பிறகு வேலை அம்பத்தூரில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு அது நடந்திருக்கிறது. நான் சென்னைக்கு வந்த புதிதில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று தாம்பரத்தில் வீடு எடுத்து, அப்போதைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தேன். வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அமைந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்கு ஓடி, அங்கே இன்னொரு ரயிலைப் பிடிப்பேன். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுக் காலி செய்தபோது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஊரில் ஆபீஸ் எங்கே என்று தெரிந்த பிறகுதான் வீடு எங்கே என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற இடைவெளியில்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பேரம் பேசுவதற்கு உங்களுக்கு அது ஒரு பிடி. கம்பெனி அடையாள அட்டையும் கையில் இருந்தால் வீட்டுக்காரரின் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அப்படியானால் எங்கே தங்குவது? முதல் ஒரு வாரத்துக்கு நண்பர் அல்லது தெரிந்தவர் ரூம், இல்லாவிட்டால் திருவல்லிக்கேணி மேன்ஷன். இன்றைக்கும் வேலை தேடி வரும் ஆண்களுக்கு அதைவிட வசதியான இடத்தை நான் பார்க்கவில்லை. அறை சின்னதாக இருக்கும், பொதுக் குளியலறையில் காலையில் வரிசை நிற்கும். ஆனால் சந்து முழுக்க மெஸ். மவுண்ட் ரோட்டுக்கு நடந்தே போகலாம், பறக்கும் ரயில் பக்கத்தில். பணத்தை இறுக்கிப் பிடிக்கும் நாளில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, மூன்று ரூபாய் தயிர் சாதம். நானும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், வயிற்றுக்குக் கெடுதல் செய்யாத சாப்பாடு. இதைப் படிக்கும் பெண்களுக்கு: கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன, வருவதற்கு முன்பே இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

ஒரு வாரத்தில் முடியாமல் போகலாம். இரண்டாவது மாதம் இன்னொரு முறை வந்துவிட்டுப் போங்கள். அப்போதும் அமையாவிட்டால், ஆனால் இரண்டாம் சுற்று வரை கூப்பிடுகிறார்கள் என்றால், அப்போது ராஜினாமா கொடுத்துவிட்டு ஒரு பையோடு வாருங்கள். ஹாஸ்டலில் சாப்பாட்டோடு ஏழெட்டாயிரம், மாநகரப் பேருந்தில் நினைத்தபடி போய்வர 1,000 ரூபாய் மாதப் பாஸ், இதரச் செலவு எல்லாம் சேர்த்து 12,000-க்குள் அடங்கும். இரண்டு பயணச் செலவு போக மிச்சமிருக்கும் பணத்தில் ஐந்தாறு மாதம் தாங்கும். அதில் கடைசி ஒன்றரை மாதப் பணத்தை, சுமார் 18,000 ரூபாயை, தனியாக எடுத்து அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வரும் வரைக்கான பணம் அது. அந்தப் பணத்தைத் தொட வேண்டி வந்தால் ஊருக்குத் திரும்புவது என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கேள்விக்கும் அதுதான் பதில்.

வேலை தேடுகிறவர்களைச் சுற்றி வட்டமிடும் கூட்டம் ஒன்று உண்டு. பதிவுக் கட்டணம் 2,000, டிரெயினிங்குக்கு 5,000, லேப்டாப்புக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான கன்சல்டன்சி கம்பெனியிடம்தான் பணம் வாங்கும், வேலை தேடுகிறவரிடம் வாங்காது. ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். மார்க் ஷீட் ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். "ஒரு வருஷம் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கேட்கும் இடத்தில், வேலையை விடும் நாளில் அந்தக் காகிதத்துக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் கோவில்பட்டியில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து திருவல்லிக்கேணி பக்கம். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து நகருக்குள் வரவே காலைப் பொழுது போய்விடும். போக, வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 20-ஆம் தேதி ரயில் ஏறும்போது குறைந்தது நான்கு இன்டர்வியூவுக்கு நாளும் நேரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அடுத்த மாதம் 20-க்குப் போடுங்கள்.