வாரண்டி முடிந்த மிக்சியில் மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை. புதிது வாங்க வேண்டியதுதானா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். ஜாரைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்: மோட்டாரின் மேல் பூப்போல ஒரு சக்கரம் இருக்கும். அதன் பற்கள் மழுங்கி, சுற்றிலும் கருப்புத் தூள் உதிர்ந்திருந்தால் அதுதான் காரணம். ஜார் இறுகிக்கொண்டால் மோட்டார் கருகாமல், முதலில் இதுதான் தேயும். ஒருவகையில் நல்லதுதான்!

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கப்ளரை மாற்றுங்கள். பல மிக்சிகளில் இது வழக்கத்துக்கு எதிர்த்திசையில், அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மேலே அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். நான் ஒருமுறை இது தெரியாமல் முறுக்கி, இன்னும் இறுக்கிவிட்டேன். ஜாரின் அடியிலுள்ள கப்ளரையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

பாகம் வாங்கும்போது கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. மிக்சியைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

மோட்டாரே ஓடாவிட்டால், பிளக்கைக் கழற்றிச் சற்று ஆறவிட்டு, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு ஜோடி கரித்துண்டுகள், தேய்ந்திருக்கலாம். மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், கருகிய வாடையும் புகையும் வந்து மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துபோயிருந்தால் மட்டும் புதிய மிக்சியின் விலையோடு ஒப்பிட்டு யோசியுங்கள்.