சம்பளம் வந்ததா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன் பி.எஸ்சி. நர்சிங் கேட்கிறான். "ஆம்பளப் பையன் ஓசூர் கம்பெனிக்குப் போனால் அக்கா கல்யாணக் கடன் அடையும்" என்கிறீர்கள். அவன் முகம் கொடுத்துப் பேசாததைத் திமிர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நர்சிங் 4 வருடப் படிப்பு, ஆண்களும் சேரலாம். ஐசியூ, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஆண் நர்சுகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். மகன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்விக்கடனுக்கும் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கவலை அவனுடைய மௌனம்தான். பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளைப் பார்க்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து, நாலைந்து பேர் தங்கும் ரூமில் வந்து படுப்பார்கள். வீட்டிலிருந்து போன் வரும். "சாப்டியா? சம்பளம் போட்டாங்களா?" அவ்வளவுதான். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டியதையோ, தூக்கம் வராததையோ அவன் சொல்ல மாட்டான். சொன்னால் அம்மா அழுவாள், அப்பா "ஆம்பளையா நீ" என்பார் என்று அவனுக்குத் தெரியும். 2022-ல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். இதை நினைத்துத்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

நீங்களும் அப்படி வளர்ந்தவர்தானே ஐயா? தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கிடைக்காமல் தோட்டத்திலேயே விட்ட வருஷம், யாரிடம் மனம்விட்டுப் பேசினீர்கள்? அதை உங்கள் வாயால் அவனிடம் ஒருமுறை சொல்லுங்கள். அப்பாவுக்கும் பயம் இருந்தது என்று தெரிந்தால் அவனுக்கும் பேச வாய் வரும்.

கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மறைக்காமல் அவன் முன்னால் எழுதிக் காட்டுங்கள். ஆனால் அதை அடைக்கும் பொறுப்பை 17 வயதுப் பையன் தலையில் கட்டாதீர்கள். மகளும் மருமகனும்கூட உட்கார்ந்து பேசட்டும். கம்பெனி வேலையை அவனே விரும்பினால் போகட்டும், அதில் குறையில்லை.

அவன் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டிருந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அடுத்த வாரம் அவனை அழைத்து வாருங்கள். முதல் அரைமணி நேரம் நீங்கள் வெளியே இருங்கள், அவன் தனியாகப் பேசட்டும்.