மணிக்கட்டைக் கீறும்போது நரம்பு அறுபடுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. தேக்காவில் ரவிக்கை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். வலக்கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. இரவில் எழுந்து கையை உதறினால்தான் மறுபடி தூக்கம் வருகிறது. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்புப் பரிசோதனை செய்து, 'கார்ப்பல் டனல்' என்று சொல்லி அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் புளோக்கில் ஓர் அக்காவுக்கு இதே சிகிச்சைக்குப் பிறகு உள்ளங்கையைத் தொட்டாலே மின்சாரம் பாய்வது போல் வலிக்கிறதாம். தள்ளிப்போடலாமா?
– வாசகி, யீஷூன்

பதில்: நரம்புக் காயம் அரிது, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. எங்கே நடக்கக்கூடும் என்பது தெரிந்தால் பயம் பாதி குறையும்.

மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகள் வளைந்து அமைந்த பள்ளத்தைத் தடித்த குறுக்குப் பட்டையொன்று கூரைபோல மூடியிருக்கிறது. அதனடியிலுள்ள இந்தச் சுரங்கத்தில்தான் (அதுவே 'கார்ப்பல் டனல்') விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் என்னும் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கிறது. சிகிச்சையில் வெட்டப்படுவது இந்தக் கூரை மட்டுமே. திறந்த முறையில் நரம்பின் தண்டு மருத்துவரின் கண்ணெதிரே இருக்கும் என்பதால், அதைவிட அதிக எச்சரிக்கை தேவைப்படுவது அதன் சிறு கிளைகளிடத்தில்தான்.

முதலாவது, உணர்ச்சிக் கிளை. மணிக்கட்டு மடிப்புக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலேயே தண்டிலிருந்து பிரிந்து, சுரங்கத்துக்குள் நுழையாமல் கூரையின் மேற்புறமாக வந்து, பெருவிரல் அடிமேட்டின் தோலுக்கு உணர்வு தருகிறது. விரல்கள் மரத்துப்போனாலும் அந்த மேட்டில் உணர்வு பெரும்பாலும் கெடாமலிருப்பது இதனால்தான். உங்கள் கையிலேயே தொட்டுப் பார்க்கலாம். தோலைக் கீறும்போது இக்கிளை அறுபட்டால், அறுந்த முனை வலிக்கும் முடிச்சாகி, தட்டினாலே சுரீரென்று இழுக்கும். உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் மீண்டும் கை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இதைத் தவிர்க்கவே, கீறலைப் பெருவிரல் பக்கம் சாயவிடாமல் மோதிர விரலின் நேர்கோட்டில் போடுகிறார்கள்.

இரண்டாவது, பெருவிரல் தசைகளை இயக்கும் கிளை. இதன் போக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பெரும்பாலோருக்குக் கூரையின் முன்விளிம்பைத் தாண்டியபின் பெருவிரலை நோக்கித் திரும்புகிறது. சிலருக்குச் சுரங்கத்துக்குள்ளேயே பிரிந்துவிடுகிறது. வேறு சிலருக்கோ கூரையையே துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. இந்த வேறுபாடுகளை லான்ஸ் என்பவர் 1977இல் வகைப்படுத்தினார். ஆகவே கூரையைச் சுண்டுவிரல் பக்கமாகத் திறப்பது வழக்கம். அதற்காக மிகவும் ஒதுங்கிப் போகவும் முடியாது; அந்தப் பக்கம் அல்னார் என்னும் இன்னொரு நரம்பும் இரத்தக்குழாயும் காத்திருக்கின்றன. இந்தக் குறுகிய இடைவெளியில் பழகிய கைக்குத்தான் மதிப்பு. சிங்கப்பூரில் கை அறுவை சிகிச்சை தனித் துறையாகவே இயங்குகிறது என்பது நமக்கு வசதி.

உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருபுறமும் சில வாரங்களோ மாதங்களோ வலிப்பது மிகச் சாதாரணம். அது நரம்பு அறுபட்டதற்கான அடையாளமன்று.

தள்ளிப்போடுவதைப் பொறுத்தவரை, இரவில் மட்டும் மரக்கிறதென்றால் மணிக்கட்டை அசையாமல் வைக்கும் பட்டை அணிவதும் ஸ்டீராய்டு ஊசியும் போதுமா என்று கேட்கலாம். பகலிலும் மரத்தே இருந்தாலோ, ஊக்கு நழுவினாலோ, பெருவிரல் மேடு வற்றியிருந்தாலோ காத்திருக்காதீர்கள். நெடுநாள் நசுங்கிய நரம்பு, கூரையைத் திறந்தபின்னும் முழுமையாக மீளாமல் போகலாம். நீரிழிவு, தைராய்டு, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு, முன்பு நன்றாக இருந்த இடம் புதிதாக மரத்தாலோ, பெருவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்க முடியாவிட்டாலோ, அடுத்த சந்திப்பு நாள்வரை பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.