சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: எதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்?

தம்பி, ‘அபராதச் சட்டங்களை எல்லாம் படித்துவிட்டேன், ஆனாலும் கூட வேலை செய்பவர்கள் சில சமயம் முகம் சுளிக்கிறார்கள், ஏன் என்றே புரியவில்லை’ என்று கேட்டிருந்தீர்கள். சட்டத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதாத வழக்கத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஊரில் நல்ல பழக்கம் என்று கற்றுக்கொண்டதே இங்கே வேறு விதமாகப் போய்ச் சேரும்.

மொய்யையே எடுத்துக்கொள்ளுங்கள். சீன நண்பர் கல்யாணத்துக்கு 101 வெள்ளி (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வார்கள்) வைத்துவிடாதீர்கள். நமக்கு அந்தக் கூடுதல் ஒன்றுதான் மங்கலம். அவர்களுக்கு ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்கு உரியது. கல்யாணத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் சிவப்பு உறை, இரட்டைப்படைத் தொகை. 4 வேண்டாம், 8 வந்தால் சந்தோஷப்படுவார்கள். துக்கத்துக்கு வெள்ளை உறை. கொடுத்தவர் முன்னால் உறையைப் பிரிக்கக் கூடாது. ஹோட்டல் விருந்து என்றால் பெரும்பாலும் மேசைக்கு 10 பேர் என்று கணக்குப் போட்டுப் பணம் கட்டியிருப்பார்கள். அழைப்பு உங்களுக்கு மட்டும் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். அறைத்தோழரையும் கூட்டிப்போனால் அவருக்கு நாற்காலி இருக்காது. மொய்த்தொகையும் அந்த இடத்தின் சாப்பாட்டுச் செலவை ஒட்டியே வைப்பார்கள், அதனால் அதே விருந்துக்குப் போகும் சீன நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புத்தாண்டில் வீட்டுக்குப் போனால் ஆரஞ்சுப் பழம் இரண்டை இரு கையாலும் கொடுக்க வேண்டும். கறுப்புச் சட்டை போட வேண்டாம்.

சாப்பாட்டில் இன்னும் கவனம் தேவை. உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் சண்டை வரும். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஆனால் எந்த அடுக்கில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பல இடங்களில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை அதில் வைப்பது முஸ்லிம்களுக்குப் பெரிய மனவருத்தம். ‘கழுவத்தானே போகிறார்கள்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. முஸ்லிம் சக ஊழியருக்கு வீட்டுச் சமையலை வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். வாங்கிக் கொடுப்பதானால் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள். மலாய்ப் பெண்களிடம் நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் கொடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் கை வைத்து ஒரு புன்னகை போதும்.

நீங்கள் சைவமா? அப்படியென்றால் காய்கறி மட்டும் போதும் என்று சொல்வது போதாது. கங்கோங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் நெத்திலி, கலவைச்சோற்றுக் கடைக் கீரையில் சிப்பிச் சாறு. மீன், இறால், சிப்பிச் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சேர்ந்து சாப்பிட்டதும் ஒருவர் பணம் கட்டிவிட்டு, ‘உங்கள் பங்கு நாலரை வெள்ளி, பேநவ் பண்ணிவிடுங்கள்’ என்பார், அதாவது கைபேசி வழியாகப் பணம் அனுப்பச் சொல்கிறார். அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், மறந்தால் அவர் வாய்விட்டுக் கேட்கச் சங்கடப்படுவார். பில்லுக்காக மல்லுக்கட்டுவதும் வேண்டாம். அடுத்த முறை உங்களோடு வரத் தயங்குவார்கள்.

நம்மவர்களிடம்தான் அதிகம் புண்படுத்திவிடுகிறோம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் தமிழ் பேசும் ஒருவரைப் பார்த்ததும் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று கேட்கத் தோன்றும். அவர் மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரராக இருப்பார், இந்த நாட்டு ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை (ராணுவம், போலீஸ் போன்றவற்றில்) செய்திருப்பார். சிங்கப்பூர் என்ற பதிலுக்குப் பிறகும் ‘அது சரி, சொந்த ஊர்?’ என்று தோண்டினால், நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொன்னதாகவே அவர் காதில் விழும். ஊரைக் கேட்டுத் தெருவைக் கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்கும் வேலையை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். அவர் பேச்சில் ஆங்கிலமும் மலாயும் கலந்திருந்தால் திருத்தாதீர்கள். ‘பசியாறிட்டீங்களா?’ என்பார், அதுதான் இங்கே அன்பான விசாரிப்பு. அதே வார்த்தையில் நீங்களும் விசாரியுங்கள்.

வேலையிடத்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ‘சரி’ சொல்லும் நம் பழக்கம் பலருக்குப் புரியாது. முடியுமா முடியாதா என்று வாயால் சொல்லுங்கள், நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரயிலில் ஊருக்கு வீடியோ அழைப்பு பேசினால் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொள்ளுங்கள். ஆவிகளுக்குப் படைக்கும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் புல்தரையோரம் வைத்த படையலை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். அப்போது நடக்கும் கெத்தாய் மேடைக் கச்சேரியில் முன்வரிசை காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள், அது ஆவிகளுக்கு விட்ட இடம்.

கடைசியாக வாடகை அறை. ‘லைட் குக்கிங்’ என்று விளம்பரத்தில் இருந்தால் நூடல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம் என்ற அளவுதான் பல உரிமையாளர்கள் மனத்தில் இருக்கும். தாளிப்பு, மீன் வறுவல், சாம்பார்ப் பொடி வறுப்பது எதுவும் அதில் சேராது. முன்பணம் கட்டுவதற்கு முன் தாளிக்கலாமா, வறுக்கலாமா, வாரத்துக்கு எத்தனை நாள் என்று நேரடியாகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.