குட்டிக் கிடாய்க்கு றப்பர் போட்டு ஒரு விதை மேல ஏறிட்டுது

தம்பி, ரெண்டு மாசக் கிடாய்க் குட்டியை நலமடிக்க விதைப்பையில றப்பர் வளையம் போட்டு நாலு நாளாச்சு, பையில ஒரு விதைதான் தெரியுது, றப்பரை வெட்டலாமோ எண்டு கேட்டிருக்கிறீர். போட்ட கொஞ்ச நேரத்திலயே கண்டிருந்தா வெட்டிப்போட்டுத் திரும்பப் போட்டிருக்கலாம், இப்ப நாலு நாளில கீழ இருக்கிற தசை செத்திருக்கும், வெட்டினா புண்ணாகிப் பழுதாப்போயிடும், அதால கைவைக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடும். மேல நிண்ட விதை வயித்துச் சூட்டில அனேகமா மலடாத்தான் போகும், ஆனா கிடாய்க் குணம் போகாது, மறியளுக்கு, அதான் பெட்டை ஆடுகளுக்கு, பின்னால திரியும், மணமும் இருக்கும்.

என்ர முதல் குட்டிக்கும் இதே பிழைதான் விட்டனான், அவசரம். றப்பர் போடுற கொறட்டை எடுக்கமுதல் ரெண்டு விதையும் றப்பருக்குக் கீழ இருக்கோ எண்டு விரலால தடவிப் பாக்கவேணும், முன்னால இருக்கிற சின்ன முலைக்காம்பு அகப்படக்கூடாது.

முக்கியமா ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி போட்டனீரோ? அதை எழுதேல்லை. போடாட்டி இண்டைக்கே கேளும். கால் விறைச்சு, வாய் திறக்கேலாமல் நிண்டா ஒரு நிமிசமும் பிந்தாதையும். மாரி மழையெண்டா இலையான் மொய்க்கும், தினம் பாரும். சரியாப் போட்ட பை ரெண்டு மூண்டு கிழமையில காய்ஞ்சு தானா விழும், இழுக்காதையும்.

தவிடு அள்ளி வைக்கிற ஆளெண்டா குறைச்சு வையும், தவிடு கூடினா நலமடிச்ச கிடாய்க்கு மூத்திரக் கல் அடைக்கும். குழை நல்லாக் குடும், தண்ணி எப்பவும் இருக்கட்டும்.