மூட்டு வலி: லேப் தாள் சொல்வதும் சொல்லாததும் (கேள்வி பதில்)

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: “ரத்தப் பரிசோதனையில் இப்படி வந்திருக்கிறது, எனக்கு என்ன நோய்?” மூட்டுவாத நோய்களில் லேப் தாளைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எந்த மூட்டு, எத்தனை மூட்டு, காலையில் எப்படி, மாலையில் எப்படி, எத்தனை வாரமாக என்று கேட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அந்தத் தாளுக்கே அர்த்தம் வருகிறது. “மாத்திரை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். நேரில் பார்க்காமல் அது முடியாது.

கேள்வி: வயது 29. கம்பெனி உடல் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். மூட்டில் எந்தத் தொல்லையும் இல்லை. முடக்குவாதம் வந்துவிட்டதா டாக்டர்?

இல்லை. வீக்கமும் விறைப்பும் இல்லாத ஆளுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) என்று பெயர் வைக்க முடியாது.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது 1940இல் நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர் முதலில் விவரித்த பழைய பரிசோதனை. நோயே இல்லாத சிலருக்கும் இது பாசிட்டிவாக வரும். வயது ஏற ஏற இன்னும் அதிகம் பேருக்கு வரும். ஹெபடைடிஸ் சி, காசநோய், இதய வால்வில் கிருமித் தொற்று இவற்றிலும் வரும். மறுபக்கம், உண்மையிலேயே முடக்குவாதம் உள்ளவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு நெகட்டிவாகவே இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இதை எடுத்ததே வேண்டாத வேலை என்பது என் கருத்து.

ஆன்ட்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது. அது நோய் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தோன்றலாம். அதுவும் பாசிட்டிவாக இருந்தால்கூட இப்போது மருந்து தேவையில்லை. விரல் மூட்டு வீங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள், அவ்வளவுதான். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். முடக்குவாதத்துக்கு நம் கையில் இருக்கும் காரணங்களில் அதுதான் பெரியது.

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு மாதமாக இரு கை விரல்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. காலையில் எழுந்தால் சட்டை பட்டன் போட முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கை சரியாகிறது. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. இரண்டும் நெகட்டிவ். “வாதம் கிடையாது, சத்துக் குறைவு” என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது மேடம்?

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பத்து மணிதான். தேய்மானத்தில் காலை விறைப்பு அரை மணிக்குள் விலகிவிடும். முடக்குவாதம் போன்ற அழற்சி நோயில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நிற்கும். சும்மா இருந்தால் இறுகும், அசைத்தால் இளகும். சிறிய மூட்டுகள், இரு பக்கமும், ஆறு வாரத்துக்கு மேல் என்று சேரும்போது இரண்டு நெகட்டிவைக் காட்டி அனுப்பிவிடக் கூடாது.

உங்களைப் பார்க்கும் மருத்துவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். கை குலுக்குவதுபோல் பிடித்து, நான்கு விரல்களின் அடிமூட்டுகளையும் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்துவார். வீக்கம் உள்ள கை என்றால் அந்த லேசான அழுத்தத்துக்கே முகம் சுளியும். பிறகு ஒவ்வொரு மூட்டையும் இரு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். மூட்டுச் சவ்வு வீங்கியிருந்தால் பொதபொதவென்று அமுங்கும். எலும்பு வளர்ந்திருந்தால் கெட்டியாக நிற்கும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு தப்பித்திருக்கிறதா என்றும் பார்ப்பார், ஏனென்றால் முடக்குவாதம் பெரும்பாலும் அதைத் தொடாது. கால் விரல்களின் அடிமூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றாமல் முடிகிற பரிசோதனை அரைப் பரிசோதனைதான்.

இணையத்தில் 2010ஆம் ஆண்டின் மதிப்பெண் அட்டவணையைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அதில் மொத்தம் 10, ஆறு எடுத்தால் முடக்குவாதம். நான்கு முதல் பத்து சிறிய மூட்டுகள் வரை வீங்கியவருக்கு 3, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சி.ஆர்.பி. அல்லது ஈ.எஸ்.ஆர். கூடினால் 1, ஆறு வாரம் தாண்டினால் 1. ரத்தத்தில் இரண்டும் நெகட்டிவ் என்றால் 5இல் நின்றுவிடும். பத்து மூட்டுக்கு மேல் போனால்தான் தேறுவார். இது ஆய்வுகளுக்கு ஆள் சேர்ப்பதற்காக வகுத்த அட்டவணை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மருந்து வேண்டுமா என்பதை அது மட்டும் முடிவு செய்யாது.

ஆனால் வேறு சிலவற்றை விலக்கியாக வேண்டும். வலி தொடங்கும் முன் காய்ச்சல் வந்ததா? சிக்குன்குனியா இதே கையை இதே மாதிரி மாதக்கணக்கில் வீங்க வைக்கும். தலையிலோ முழங்கையிலோ செதில் செதிலான தோல் தடிப்பு, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் உண்டா? அப்படியென்றால் சொரியாசிஸ் மூட்டுவாதம், அதில் ஆர்.ஏ. ஃபேக்டர் பொதுவாக நெகட்டிவ்தான். வாய், கண் வறட்சி, வெயிலில் முகம் சிவப்பது, தைராய்டு இவற்றையும் கேட்பார்கள். மூட்டுவாத நிபுணர் (ருமட்டாலஜிஸ்ட்) ஒருவரை இந்த மாதமே பாருங்கள், அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: மேலே கேட்டவர்தான். மிக்க நன்றி மேடம். கை எக்ஸ்ரே நார்மல் என்று எழுதியிருக்கிறது. அது நல்ல செய்திதானே?

நல்ல செய்திதான், எலும்பு இன்னும் அரிக்கவில்லை என்று அர்த்தம். நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியப் பல மாதங்கள் ஆகும், அதற்கு முன் மருந்து தொடங்குவதுதான் நோக்கமே. சவ்வு வீக்கத்தைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் போதும். டாப்ளரில் மூட்டுக்குள் ரத்த ஓட்டம் சிவப்பாக மின்னினால் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. ஈ.எஸ்.ஆர். 40, “ஹை” என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்கினால் வருவது உத்தேச உச்ச அளவு. 72 வயதுக்கு அது 41. அந்தத் தாளில் அச்சாகும் எல்லை இளவயதுக்காரர்களுக்கானது. ரத்தசோகை இருந்தாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும்.

ஆனால் இரு தோளும் இடுப்பும் திடீரென்று இறுகி, படுக்கையில் புரளவே முடியவில்லை என்றால் கதை வேறு. கூடவே புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இருந்தால் அன்றே மருத்துவமனை. தலை ரத்தக்குழாய் அழற்சியில் பார்வை போனால் பெரும்பாலும் திரும்பாது.

கேள்வி: நள்ளிரவில் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலம் 5.9தான். ஆனாலும் கவுட் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

நம்பலாம். கவுட் என்பது யூரிக் அமிலம் படிகமாக மூட்டில் சேர்வதால் வரும் வலி. வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது சகஜம். வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியிருக்கும்.

சந்தேகமே வேண்டாம் என்றால் மூட்டிலிருந்து ஒரு சொட்டு நீர் போதும். 1961இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டிய முறை இன்றும் அப்படியே நடக்கிறது: துருவ ஒளி நுண்ணோக்கியின் கீழ், வெள்ளணுக்களைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரியும். கருவியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சள், குறுக்கே கிடக்கும் ஊசி நீலம். வயதானவர்களின் முழங்காலில் வரும் கால்சியம் படிகங்கள் கட்டையாக, சாய்சதுரமாக இருக்கும், நிறமும் தலைகீழ்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை வலியைக் குறைக்காது. தொடங்கிய புதிதில் படிகங்கள் கரைவதால் வலி திரும்பவும் வரலாம். அதனால்தான் முதல் சில மாதங்களுக்கு அந்த வலியைத் தடுக்கும் கோல்சிசின் மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்த்துத் தருவார்கள். “மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை” என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். வலிக்காக நிறுத்த வேண்டாம். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அரிதுதான், ஆனால் ஆபத்தானது. இலக்கு 6க்குக் கீழே.

கேள்வி: யூரிக் அமிலம் 8.1. வலி எதுவும் வந்ததில்லை. மாத்திரை போடட்டுமா?

வேண்டாம். எண்ணுக்கு மருந்து கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. நேற்றிலிருந்து ஒரு முழங்கால் மட்டும் வீங்கிச் சுடுகிறது, குளிர் காய்ச்சல். வலி ஜெல் தடவலாமா?

தம்பி, இதைப் படித்ததும் அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலோடு ஒற்றை மூட்டு வீங்கினால், இல்லை என்று நிரூபிக்கும்வரை கிருமித் தொற்றுதான். சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். மூட்டு நீரை எடுத்து அனுப்பிய பிறகு ஆன்ட்டிபயாடிக் தொடங்குவார்கள். வழியில் கடையில் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மேடம், எனக்கு 24 வயது. எட்டு மாதமாக இடுப்பு வலி. டிஸ்க் என்று பெட் ரெஸ்ட் சொன்னார்கள். ஓய்வெடுத்தால் கூடுகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு வலியில் எழுந்து நடந்தால்தான் குறைகிறது.

டிஸ்க் வலி நேர்மாறாக நடக்கும். 45 வயதுக்குள் மெல்லத் தொடங்கி, மூன்று மாதம் தாண்டி, பின்னிரவில் எழுப்பி, நடந்தால் குறைகிற வலி முதுகெலும்பு அழற்சியின் அடையாளம். பிட்டத்தில் ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் வலிக்கிறதா? கண் எப்போதாவது சிவந்து வெளிச்சம் கூசியதா? குடும்பத்தில் யாருக்காவது சொரியாசிஸ்? இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியில் உள்ள திரிகமும் சேரும் இடத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். உங்களிடம் இருக்கும் எம்.ஆர்.ஐ. அநேகமாக டிஸ்க்கைப் பார்க்க எடுத்தது. அதில் இந்த இடம் சரியாக விழாது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுப் பரிசோதனை உதவும், ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பெட் ரெஸ்ட்டை விட்டுவிடுங்கள். இந்த நோய்க்கு அதுதான் எதிரி.

கேள்வி: முடி கொட்டுகிறது, ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ். லூபஸா?

ஏ.என்.ஏ. என்பது உடல் தன் அணுக்களுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. ஆரோக்கியமானவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்தால் 100இல் 13 பேர் அளவுக்கு 1:80 பாசிட்டிவாக வரும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோயான லூபஸ் என்று சொல்ல இது வாசல்படி மட்டும்தான். மூட்டு வீக்கம், வெயிலில் தோல் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம், அணுக்கள் குறைவு ஏதாவது வேண்டும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் பாருங்கள். சரியாக இருந்தால் ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 4 வயது. இரண்டு மாதமாக ஒரு முழங்கால் வீக்கம், காலையில் நொண்டுகிறாள், வலி என்று சொல்வதில்லை. ஏ.எஸ்.ஓ. கூடுதலாக இருப்பதால் பெனிசிலின் ஊசி போடச் சொல்கிறார்கள்.

ஏ.எஸ்.ஓ. கூடினால் தொண்டையில் எப்போதோ ஒரு கிருமி வந்துபோனது என்று அர்த்தம். இந்த வயதில் அது சாதாரணம். அந்தக் கிருமிக்குப் பின் வந்து இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலை நினைத்துத்தான் ஊசி சொல்கிறார்கள், ஆனால் அதன் மூட்டு வலி இப்படி இருக்காது. குழந்தை தொடவே விடாது. ஒரு மூட்டில் அடங்கி இன்னொன்றுக்குத் தாவும், சில வாரங்களில் தானே போய்விடும். ஒரே முழங்கால், ஆறு வாரத்துக்கு மேல், வலி குறைவு என்றால் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இதயத்தை ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று அதைவிட அவசரம்: கண். இந்த வகையில் கண்ணுக்குள் அழற்சி சிவப்போ வலியோ இல்லாமல் வரும். ஸ்லிட் லேம்ப் வைத்துக் கண் மருத்துவர் பார்த்தால்தான் தெரியும். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏ.என்.ஏ.வுக்கு உருப்படியான பயன் இருக்கும் இடம் இது.

கேள்வி: எனக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தாமே?

புற்றுநோய்க்குத் தருவது இதைவிடப் பல மடங்கு அளவு. முடக்குவாதத்துக்கு 1988லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் முதல் மருந்து இதுதான். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஃபோலிக் அமிலம் சேர்த்துத் தருவார்கள், ரத்த அணுக்களும் கல்லீரலும் அவ்வப்போது பார்ப்பார்கள். கர்ப்பத்தில் கூடாது, குழந்தைத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்று உண்டு.

பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: முதல்முறை ருமட்டாலஜிஸ்டைப் பார்க்கப் போகிறேன். என்னென்ன டெஸ்ட் எடுத்துக்கொண்டு போகட்டும்?

எதுவும் வேண்டாம், அவர் பார்த்துவிட்டு எழுதுவார். வீங்கிய நாளில் கையை, காலைப் போட்டோ எடுத்து வையுங்கள்; நீங்கள் போகும் நாளில் வீக்கம் வடிந்திருக்கும், எப்போதும் அப்படித்தான். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் மடங்கியது என்று ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே கொண்டுபோங்கள், பெயர் தெரியாத பொடியும் சேர்த்துத்தான். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அறிகுறிகள் மறைந்துபோயிருக்கும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அவரிடம் காட்டிவிட்டுக் குறையுங்கள். அப்புறம், எளிதில் கழற்றக்கூடிய செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.